அண்ணன் அனுப்பிய காலி மெயில்கள்

1

எங்கள் குடும்பத்தில் எல்லாச் செய்திக்கும் ஒரே தலைப்புதான். "கிறிஸ்துமஸ் வாழ்த்து." நான் இங்கிலாந்துக்கு வந்த புதிதில் சங்கரன்கோவிலில் இருக்கும் என் அண்ணன் ஜெயசீலனுக்கு அனுப்பிய முதல் மெயிலின் தலைப்பு அது. அண்ணன் பதில் போட்டார். அந்தப் பதிலுக்கு நானும் ஒரு பதில் போட்டேன். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அண்ணன் இன்றுவரை எனக்குப் புதிதாக ஒரு மெயில் தொடங்கி எழுதியதே கிடையாது. எதைச் சொல்ல வேண்டுமென்றாலும் அந்தப் பழைய மெயிலைத் தேடிப் பிடித்து, அதற்குத்தான் பதில் போடுவார். சித்தி மகள் கல்யாணம் அந்தத் தலைப்பில் வந்தது. வீட்டில் போர்வெல் போட்டுத் தண்ணீர் வராத கதை அந்தத் தலைப்பில் வந்தது. அம்மாவை அடக்கம் செய்த விவரமும் கிறிஸ்துமஸ் வாழ்த்தாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

கண் தெரிகிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்குப் பார்வை கிடையாது. கம்ப்யூட்டரில் இருப்பதைத் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் எனக்குக் குரலில் வாசித்துச் சொல்லும். மவுஸை நான் தொடுவதில்லை. அம்புக்குறிகளையும் இன்னும் சில விசைகளையும் தட்டித் தட்டித்தான் போக வேண்டும். ஒரு வரியில் நின்றால் அந்த வரியை வாசிக்கும். அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்பது அங்கே போய் நின்றால்தான் தெரியும். ஒரு பார்வையில் மேலிருந்து கீழ்வரை அளந்துவிடுகிற வசதி எனக்கு இல்லை.

இதில் மெயில் மென்பொருள் செய்கிற உபகாரம் ஒன்று உண்டு. ஒரே தலைப்பில் வந்த மெயில்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி ஒரே வரியாக வைத்துவிடும். அதற்கு 'உரையாடல்' என்று பெயர் வேறு. அந்த வரியில் போய் நின்றால், "கிறிஸ்துமஸ் வாழ்த்து, உரையாடல், மூடியுள்ளது" என்று குரல் சொல்லும். வலது அம்பைத் தட்டினால் திறக்கும். திறந்தால் அண்ணன், நான், அண்ணன், நான் என்று இருபது வருஷத்துப் பேச்சு வரிசையில் நிற்கும். புதிதாக வந்தது மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, படித்தது எது, படிக்காதது எது என்று தட்டிக்கொண்டே போக வேண்டும். நடுவில் இடது அம்பில் கை பட்டுவிட்டால் எல்லாம் மூடிக்கொள்ளும். மறுபடியும் "கிறிஸ்துமஸ் வாழ்த்து" என்று ஆரம்பிக்கும்.

நான் இங்கே வந்து இருபது வருஷம் ஆகிறது, வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று நம் ஊர் சபைப் பத்திரிகையிலிருந்து கேட்டிருந்தார்கள். பனியைப் பற்றி எழுதினால் வாசகர்கள் விரும்புவார்கள் என்றும் சொன்னார்கள். பனியை நான் பார்த்ததில்லை. அதில் இரண்டு முறை விழுந்திருக்கிறேன், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த வெளிநாட்டு வாழ்க்கை பெரும்பாலும் இந்த மெயில் பெட்டிக்குள்தான் நடக்கிறது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

2

கவன்ட்ரி என்ற ஊரில், வாடகைக்குக் குடியிருப்பவர்களின் புகார்களைக் கவனிக்கும் ஒரு சின்னத் தொண்டு அமைப்பில் எனக்கு வேலை. கூரை ஒழுகுகிறது, சுவரில் பூஞ்சை பிடித்திருக்கிறது, வீட்டுச் சொந்தக்காரர் போனை எடுப்பதில்லை என்று நாள் முழுக்க மெயில் வரும். ஒவ்வொரு மெயிலும் தனித்தனி வரியாக நிற்கும்படி நான் அமைத்து வைத்திருந்தேன். நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷ ஆரம்பத்தில் மென்பொருளை மாற்றினார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று உரையாடலாகக் கட்டி வைக்கிற ஏற்பாட்டை எல்லார் தலையிலும் கட்டிவிட்டார்கள்.

எனக்குத் தனித்தனியாக வேண்டும் என்று கம்ப்யூட்டர் பிரிவுக்கு எழுதினேன். "மிக எளிது, கீழே உள்ள படத்தைப் பாருங்கள்" என்று பதில் வந்தது. எனக்குப் பார்வை இல்லை, படம் உதவாது என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்டு, படத்தில் அழுத்த வேண்டிய இடத்தை மஞ்சள் நிறத்தில் குறித்து மறுபடி அனுப்பினார்கள். இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை.

பிறகு ஒரு படிவம் வந்தது. உங்கள் குறைபாடு என்ன, அது உங்கள் வேலையை எவ்விதம் பாதிக்கிறது, எவ்வளவு காலம் நீடிக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று அதில் கேள்விகள். அந்தப் படிவத்தையே திரைவாசிப்பான் வாசிக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் "படம்" என்று மட்டும் சொல்லியது. என் மனைவி எஸ்தர் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து களைப்போடு உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். "எவ்வளவு காலம் நீடிக்கும்னு கேக்காங்க, என்ன போட?" என்றாள். "நான் வேலையிலிருந்து போற வரைக்கும்னு போடு" என்றேன். அவள் அப்படியே எழுதிவிட்டாள்.

இதற்கு நடுவில் ஒருநாள், "உங்களிடமிருந்து பதில் வராததால் உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது" என்று ஒரு தகவல் வந்தது. என்ன பதிலை என்னிடம் எதிர்பார்த்தார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. அவர்கள் கேட்டு எழுதியது எதுவும் என் காதில் விழவே இல்லை. கோரிக்கை வைத்தவன் நான், பதில் சொல்லாதவனும் நானா என்று மேசையைக் குத்தினேன்.

3

வீட்டிலும் இதே ரக மென்பொருள்தான். அதனால் அண்ணனின் மெயில்கள் பற்றியும் எனக்கு எரிச்சல் உண்டு.

முன்பெல்லாம் அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு நெட் சென்டருக்குப் போய் எழுதுவார். அவர் சொல்லச் சொல்ல அந்தக் கடைக்காரர் டைப் அடிப்பார். ஆங்கில எழுத்தில் தமிழ் வரும். அதை என் கம்ப்யூட்டரின் ஆங்கிலக் குரல் வாசிக்கும்போது அண்ணன் வெள்ளைக்காரனாகி வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும். ஆனாலும் விஷயம் புரிந்துவிடும். சென்ற வருஷம் தன் மகள் பெனிட்டாவின் படிப்புக்காக அண்ணன் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். தமிழ் எழுத்தில் ஒற்றை விரலால் தானே தட்ட ஆரம்பித்தார். அன்றையிலிருந்து அவரிடமிருந்து வருவதில், பெனிட்டா தட்டிக் கொடுத்தது போக, மீதிப் பாதி மெயில் காலியாக இருந்தது.

திறந்தால், "ஜெயசீலன், எனக்கு" என்று குரல் சொல்லும். அதற்கடுத்து ஒன்றுமில்லை. பிறகு "பட்டன்" என்று சொல்லும். பிறகு "பதில் அனுப்பு" என்று சொல்லும். முதல் தடவை போனில் கேட்டேன்.

"அண்ணே, மெயில் ஒண்ணு வந்துச்சு, அதுல ஒண்ணுமே இல்லையே?"

"கை பட்டுப் போயிருக்கும்லே. இந்த மிஷினு எனக்குப் புதுசுல்லா" என்றார் அண்ணன்.

அது உண்மையாகவும் இருந்தது. சில மெயில்கள் நிஜமாகவே கை பட்டு வந்தவை. அதனால் அதற்குப் பிறகு வந்த காலி மெயில்களையும் நான் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன். போன மாதம் அப்படி ஒன்று வந்தபோது, எதற்கும் பார்த்துச் சொல் என்று என் மகள் ரூத்தைக் கூப்பிட்டேன். பதினாறு வயது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே வந்து ஒரு நொடி திரையைப் பார்த்தாள்.

"எம்ப்டிப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ரூத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் அவளுக்குத் தமிழில் பத்து வரி எழுதினால் அவளிடமிருந்து ஒரே ஒரு ஆங்கில எழுத்து பதிலாக வரும். அந்த ஒரு எழுத்தைக் கேட்பதற்காக நான் அந்த உரையாடல் முழுக்கத் தட்டிக்கொண்டு போக வேண்டும். போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது பெனிட்டாவும் இவளும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒருத்தி தமிழிலும் ஒருத்தி ஆங்கிலத்திலுமாக விடிய விடியச் சிரித்தார்கள். இப்போது பெனிட்டா எந்தக் கல்லூரியில் சேருகிறாள் என்று கேட்டால் ரூத்துக்குத் தெரியாது.

தெரியாதது ரூத்துக்கு மட்டுமல்ல. எனக்கும்தான். பன்னிரண்டாம் வகுப்பில் பெனிட்டா நல்ல மார்க். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று அண்ணன் மனைவி, என் மதினி, போனில் சந்தோஷமாகச் சொன்னார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை அண்ணனிடம் கேட்டால், "பாப்போம்" என்றார். அதற்கடுத்த சனிக்கிழமையும் "பாப்போம்". பொம்பளைப் பிள்ளையை வெளியூரில் படிக்க வைக்கத் தயங்குகிறார் போலிருக்கிறது என்று எனக்குக் கோபமாக வந்தது. எங்கள் வீட்டில் அப்பா மூன்று அத்தைகளையும் டீச்சர் டிரெயினிங் அனுப்பியவர். அந்த வீட்டுப் பிள்ளைக்கா இந்தக் கதி என்று எஸ்தரிடம் கத்தினேன்.

"என்ட்ட ஏன் கத்துதீங்க? உங்க அண்ணன்ட்ட கேளுங்க" என்றாள் எஸ்தர்.

கேட்கத்தான் இருந்தேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை அண்ணன் முந்திக்கொண்டார். சாப்பிட்டாயா, அங்கே வெயில் உண்டா என்று வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"மெயிலு வந்துச்சாலே?"

"வந்துச்சுண்ணே."

"பாத்தியா?"

"பாத்தேன்."

பின்னால் பெனிட்டா யாரிடமோ பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"சொல்லதுக்கு ஒண்ணுமில்லையா?" என்றார்.

கை பட்டு அனுப்பிய காலி மெயிலைப் பற்றித்தான் வெட்கப்பட்டுக் கேட்கிறார் என்று நினைத்தேன். "அதுல என்னண்ணே சொல்லதுக்கு இருக்கு, விடு" என்றேன்.

"சரி" என்றார் அண்ணன். போனை மதினியிடம் கொடுத்துவிட்டார்.

4

எங்கள் வீட்டில் முக்கியமான எதையும் வாயால் பேசிக்கொள்வதில்லை. எனக்குப் பார்வை போனதையே நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

எனக்கு வந்தது விழித்திரையில் வருகிற வியாதி. பரம்பரையாக ஓடுவது. முதலில் இருட்டினால் தெரியாது. பிறகு ஓரங்கள் மறையும். பிறகு நடுவும் போய்விடும். நான் பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் முதல் கட்டம். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் சங்கரன்கோவிலுக்குள் நுழையும்போது விளக்கு வைக்கிற நேரமாகிவிடும். அண்ணன் பஸ் ஸ்டாண்டில் நிற்பார். ஏன் நிற்கிறார் என்று நான் கேட்டதில்லை. என் கையைப் பிடித்து நடத்திப் போனால் கூட்டாளிகள் பார்ப்பார்கள் என்று, அவர் எனக்கு முன்னால் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போவேன். தறிச் சத்தம் அதிகமான தெருவுக்குள் வந்துவிட்டால் இன்னும் ஓங்கித் தேய்ப்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இவன் ஏன் மாசத்துக்கு ஒரு செருப்பு கேக்கான்?" என்று அவரைத்தான் திட்டுவாள். அண்ணன் வாயைத் திறக்க மாட்டார்.

அப்படிப்பட்டவர் எழுத்தில் மட்டும் கெட்டிக்காரர். ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் உத்தியோகம். ஒரு விஷயத்துக்கு ஒரு கோப்பு என்பது அவருக்கு வேதம். முதல் ஆள் குறிப்பு எழுதுவார். அதற்குக் கீழே அடுத்த ஆள் எழுதுவார். அதற்குக் கீழே மேலதிகாரி எழுதுவார். யாரும் அடுத்தவர் எழுதியதற்கு மேலே எழுத மாட்டார்கள். அப்படி எழுதினால் அது ஒழுங்கீனம். வாய்ப்பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. வாட்ஸ்அப் என்பது அண்ணனைப் பொறுத்தவரை காலை வணக்கத்துக்கும் வேத வசனத்துக்கும் உள்ளது. "மெயிலுன்னா ரெக்கார்டு இருக்கும்லா" என்பார்.

இதையெல்லாம் நான் அறிவேன். அறிந்தும் அந்தக் காலி மெயில்களோடு இதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அதற்கு ஆபீசில் மார்கரெட் வர வேண்டியிருந்தது.

5

மார்கரெட் எனக்குப் பக்கத்து மேசை. ரிட்டயர் ஆகிற வயது. போன புதன்கிழமை நான் கம்ப்யூட்டர் பிரிவோடு மறுபடியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "உங்கள் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் கீழே சிவப்பு நிறத்தில் பதில் கொடுத்திருக்கிறோம்" என்று எழுதியிருந்தார்கள். கீழே ஒன்றுமே இல்லை. சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. "பட்டன்" என்றது குரல். அதோடு மெயில் முடிந்துவிட்டது.

நான் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டு மார்கரெட் எழுந்து வந்தாள். திரையைப் பார்த்துவிட்டு, "இதில் மூன்று புள்ளி இருக்கிறதே, அதை அமுக்கினாயா?" என்றாள்.

"எந்த மூன்று புள்ளி?"

விஷயம் இதுதான். பதில் மெயிலில் பழைய மெயிலின் வாசகமும் ஒட்டிக்கொண்டு வருமில்லையா, அதை எல்லாரும் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டாமே என்று மென்பொருள் மறைத்துவிடுகிறது. மறைத்த இடத்தில் மூன்று புள்ளி போட்ட ஒரு சின்ன பட்டனை வைக்கிறது. கம்ப்யூட்டர் பிரிவுக்காரர்கள் என்னுடைய பழைய மெயிலுக்குள்ளேயே, என் கேள்விகளுக்கு நடுவில் பதிலை எழுதியிருந்தார்கள். பழைய வாசகத்தோடு சேர்த்து அதையும் மென்பொருள் மூடி வைத்துவிட்டது. அந்த பட்டனுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் திரைவாசிப்பான் வெறுமனே "பட்டன்" என்று சொல்லும். எத்தனையோ வருஷமாக அந்த வெறும் "பட்டன்" என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. எதையாவது அமுக்கி ஏதாவது அழிந்து தொலையப் போகிறது என்று தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

மார்கரெட் தன் இடத்துக்குப் போய்விட்டாள். நான் விசைப்பலகை மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். முந்தினவர் எழுதியதற்குக் கீழே எழுதுவது என்றதும் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

மதியச் சாப்பாட்டு இடைவேளைக்குக்கூடக் காத்திருக்கவில்லை. என் சொந்த மெயிலைத் திறந்து, கிறிஸ்துமஸ் வாழ்த்துக்குள் இறங்கி, அண்ணனின் காலி மெயிலில் போய் நின்று அந்த பட்டனை அமுக்கினேன். நான் எப்போதோ எழுதிய மெயிலைக் குரல் வாசிக்க ஆரம்பித்தது. பொறுமையில்லாமல் கடைசி வரிக்குத் தாவினேன். அதற்குக் கீழே அண்ணன் எழுதியிருந்தார். தமிழ்க் குரல் எந்த உணர்ச்சியும் இல்லாமல் வாசித்தது.

"அன்புள்ள தம்பிக்கு, பெனிட்டாவுக்குச் சாயங்காலம் ஆனால் வாசற்படி தட்டுகிறது. மதுரைக்குக் கூட்டிப்போய்க் கண் டாக்டரிடம் காட்டினோம். உனக்கு வந்ததுதான் இவளுக்கும் என்று சொல்லிவிட்டார். நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் கட்டியதையும் கேட்டுக்கொண்டார். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களிடம் மட்டும்தான் சொன்னார். அவளிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை. பாளையங்கோட்டைக்குப் படிக்க அனுப்பலாமா? அங்கே ஹாஸ்டலில் வைத்து மொத்தமாகப் போய்விட்டால் என்ன செய்வாள்? ஒரே அறையில் உன் பக்கத்தில் படுத்திருந்தும் நீ என்ன பட்டாய் என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். நீ சொல்வதுதான். போனில் சொல்லாதே, அவள் பக்கத்திலேயே இருப்பாள். எழுது."

அடுத்த மெயிலிலும் பட்டன் இருந்தது. "நினைவூட்டல். மேற்படி விஷயமாகத் தங்கள் பதில் இதுநாள்வரை கிடைக்கப்பெறவில்லை. கல்லூரியில் சேரக் கடைசித் தேதி நெருங்குகிறது." என்னைத் 'தங்கள்' என்று அண்ணன் எழுதியது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது, அந்தச் சனிக்கிழமை போன் பேசி முடித்த பிறகு வந்தது. "போனில் கேட்டேன். சொல்வதற்கு என்ன இருக்கிறது, விடு என்றுவிட்டாய். அனுபவப்பட்ட நீயே அப்படிச் சொன்னால் அதற்கு மேல் நான் யாரைக் கேட்பது. அவளை அனுப்பவில்லை. இத்துடன் இவ்விஷயம் முடித்துக்கொள்ளப்படுகிறது."

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மூன்று புள்ளிக்குப் பெயர் வைக்காத மகராசன் மேல் கோபம். அவள் படிப்பையும் கோப்பு மாதிரி முடித்துக்கொண்ட அண்ணன் மேல் கோபம். தேடிப் பார்க்காத என் மேலும்தான். இந்தக் குடும்பத்தில் ஒரு ஆளாவது வாயைத் திறந்து பேசித் தொலைத்தால் என்ன என்று அழுகையும் வந்தது. பெனிட்டா இருட்டில் வாசற்படி தட்டி நின்றதை நினைத்ததும் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

6

ஊரில் அப்போது சாயங்காலம். அண்ணன் ஆபீசிலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். போனை எடுத்ததும் நான் எதுவும் விசாரிக்கவில்லை.

"அண்ணே, நீ எழுதுனத நான் படிக்கவே இல்ல. இப்பதான் படிச்சேன்."

"பாத்தேன்னு சொன்னியேலே?"

"காலியா இருந்துச்சுண்ணே. நீ பழைய மெயிலுக்குக் கீழ எழுதியிருக்க. அது மொத்தத்தையும் உள்ள ஒளிச்சு வச்சுட்டு."

"முந்துன குறிப்புக்குக் கீழதானலே எழுதணும்? மேல எப்படி எழுத?" என்றார் அண்ணன். ஒரு பஸ் சத்தம் போட்டுக்கொண்டு அவரைத் தாண்டிப் போனது. "அப்ப நீ வேண்டாம்னு சொல்லலையா?"

"நான் ஏண்ணே வேண்டாம்னு சொல்லப் போறேன்? நான் படிக்கலையா? இங்கன வந்து உக்காந்து வேலை பாக்கலையா?"

"நீ பாக்க... ஆனா பொம்பளப் பிள்ளைல்லா" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "கடைசித் தேதி திங்கக்கெழமைலே. அவகிட்ட முதல்ல விஷயத்தச் சொல்லணும். எனக்கும் உங்க மதினிக்கும் வாய் வரல. நீ சொல்லுதியா?"

சொல்கிறேன் என்றேன். அவர் வீடு போய்ச் சேரும்வரை லைனிலேயே இருந்தேன். எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பெனிட்டா போனை வாங்கினாள்.

"மக்கா, சித்தப்பா பேசுதேன். உன்ட்ட ஒரு விஷயம் சொல்லணும். பயப்படக் கூடாது."

"எனக்குத் தெரியும் சித்தப்பா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கண்ணு. அப்பா உங்களுக்கு எழுதிட்டு மெயில மூடாமலே ஆபீசுக்குப் போயிட்டாவ. நான் உக்காரப்போ அது அப்படியே நின்னுச்சு. எழுத்தப் பெருசாக்கிப் படிச்சேன். அதுக்கப்புறம் தினமும் அவுக போனதும் திறந்து பாப்பேன், நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு."

பின்னால் மதினி "ஐயோ இயேசப்பா" என்று உட்காருகிற சத்தம் கேட்டது.

"நீங்க சொல்லதுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டதா அப்பா எழுதியிருந்தாவ" என்றாள் பெனிட்டா. "எனக்கு உங்க மேல கெட்ட கோவம். சரி நாமளே பாத்துருவோம்னு, வீட்டுல ஆள் இல்லாதப்போ துப்பட்டாவ எடுத்துக் கண்ணக் கட்டிக்கிட்டேன். கொடியில கெடந்த துணிய எடுத்து மடிச்சேன். தட்டெடுத்துச் சோறு போட்டேன். பாடப் புஸ்தகத்தப் போன்ல வாசிக்க விட்டுக் கேட்டேன். முடியுது சித்தப்பா. சாம்பார்தான் கொட்டிட்டு."

மனதுக்குள் நான் சேர்த்து வைத்திருந்த பேச்சு எல்லாம் அதோடு போய்விட்டது.

"கரண்டிய எப்படிப் பிடிச்ச?" என்று கேட்டேன்.

"மேல தூக்கி ஊத்துனேன்."

"தூக்கக் கூடாது மக்கா. இடது கையால தட்டோட விளிம்பத் தொட்டுக்கிட்டு, கரண்டிய அந்த விரலு வரைக்கும் கொண்டுவந்து சாய்க்கணும்."

"அப்படியா" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, இருங்க, அப்பாட்ட குடுக்கேன். ஹாஸ்டலுக்கு அனுப்பச் சொல்லுங்க. நான் சொன்னா அழுதாவ" என்றாள்.

அண்ணன் வாங்கினார். மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"அண்ணே, கேட்டேல்லா. திங்கக்கெழமை கொண்டுபோய்ச் சேத்துட்டு வா. நான் தைரியமாச் சொல்லுதேன்."

"சேக்கேன்" என்றார். "ஆனா நீ இப்ப சொன்னத எழுதிக் குடுலே."

எனக்குச் சட்டென்று பற்றிக்கொண்டு வந்தது. "இன்னுமாண்ணே? இப்பதான வாயால சொன்னேன்!"

"வாயால சொன்னது நிக்காதுலே" என்றார் அண்ணன். "அவள அங்கன விட்டுட்டு நான் மட்டும் பஸ்ஸுல திரும்பி வரணும்லா. வீட்டுக்கு வந்தா ராத்திரி பயம் வரும். எழுத்துல இருந்தா எடுத்து எடுத்துப் படிச்சுக்கிடுவேன்."